வெடிக்கிற துப்பாக்கியும் விளக்கெரிகிற துப்பாக்கியும்

எதிர் வீட்டுப் பையனுக்கு வலது கண்ணில் பார்வை இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது. தீபாவளி முடிந்து நாலு வாரம் ஆகிவிட்டது. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து, வெயிலில் போனால் கறுப்புக் கண்ணாடி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சேலம் பஸ். "கருவிழியில புண்ணு ஆறணும், அதுக்கப்புறந்தான் எதுவும் சொல்ல முடியும்"னு டாக்டர் சொன்னதாக அவன் அம்மா சொன்னார். பையனுக்கு வயது பதின்மூன்று.

மக்காச்சோளக் கொல்லையில் பன்றி விரட்ட அவன் மாமா ஒரு பைப்புத் துப்பாக்கி வைத்திருந்தார். பி.வி.சி. பைப்பு, அதன் பின்புறம் கேஸ் அடுப்புப் பற்ற வைக்கிற லைட்டர், உள்ளே கார்பைடு கல், கொஞ்சம் தண்ணீர். தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் அது எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. இரண்டு தடவை வெடித்தது. மூன்றாம் தடவை வெடிக்கவில்லை. ஏன் வெடிக்கவில்லை என்று பையன் பைப்புக்குள் எட்டிப் பார்த்தான்.

சத்தம் கேட்டு நான் வெளியே வருவதற்குள் மூணாவது வீட்டுப் பையன் அவனை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் குனியவைத்துத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்திருந்தான். அரை மணி நேரம் விடாமல் ஊற்றினோம். அதுதான் அந்த அளவுக்காவது கண்ணைக் காப்பாற்றியது என்று பிறகு சொன்னார்கள். கார்பைடும் தண்ணீரும் சேர்ந்தால் எரியும் வாயு வரும், மிச்சம் நிற்பது சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பட்ட இடத்தோடு நிற்காது, உள்ளே அரித்துக்கொண்டே போகும். அதனால் முதலில் தண்ணீர், பிறகுதான் ஆட்டோ, பிறகுதான் ஆஸ்பத்திரி. இந்தப் பதிவில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இது எங்கள் தெருவில் மட்டும் நடந்ததல்ல. இந்த 2025 தீபாவளியில் மத்தியப் பிரதேசத்தில், போபாலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும், இதே கார்பைடுத் துப்பாக்கியால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கண் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். பார்வையே போன பிள்ளைகளும் உண்டு. பேப்பரில் படித்திருப்பீர்கள். அங்கேயும் பல பிள்ளைகள் செய்தது இதையேதான்: வெடிக்காத பைப்புக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, இதில் நான் கோபப்பட என்ன இருக்கிறது? இருக்கிறது. ஆகஸ்ட் மாதத்திலிருந்து சொல்ல வேண்டும்.

உங்களில் பலருக்குத் தெரியும், நான் தொலைபேசித் துறையில் டெக்னீஷியனாக இருந்து 2015-ல் ஓய்வு பெற்றவன். எக்ஸ்சேஞ்சில் ரிலே சுத்தம் செய்த கை. ஓய்வுக்குப் பிறகு சாலிடரிங் அயர்னைக் கீழே வைக்க மனம் வரவில்லை. மாடி அறையில் ஒரு மேஜை, அதில் பழைய ரேடியோக்கள், ஒரு மல்டிமீட்டர். தெருப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். மூணாவது வீட்டுப் பையனும் அப்படித்தான் வந்தான். பள்ளியில் அறிவியல் கண்காட்சி, என்ன செய்யலாம் தாத்தா என்றான். நான் தண்ணீர்த் தொட்டி அலாரம் என்றேன். அவன் துப்பாக்கி என்றான். சினிமாவில் வருகிற மாதிரி, விசையை அழுத்தினால் குழலுக்குள் வெளிச்சம் ஓடிப் போய் முனையில் பளிச்சென்று வெடிக்கிற மாதிரி. சத்தம் கிடையாது, குண்டு கிடையாது, வெளிச்சம் மட்டும்.

இரண்டு ஞாயிறுகள் ஆயின. எதிர் வீட்டுப் பையனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் வேலை செய்யவில்லை, ஸ்குரூ எடுத்துக் கொடுத்தான். அடுத்தது எனக்கு ஒண்ணு தாத்தா என்று சொல்லி வைத்திருந்தான்.

அதில் என்ன இருந்தது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "துப்பாக்கி பொம்மைதானே" என்று கையை உதறுகிறவர்களுக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது.

குழல் முக்கால் அங்குல பி.வி.சி. பைப்பு. ஆம், அதே பைப்புதான். கைப்பிடி பலகைத் துண்டு. உள்ளே இரண்டு ஐ.சி. ஒன்று 555. எட்டுக் கால் பூச்சி மாதிரி இருக்கும். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் காமென்சிண்ட் என்ற பொறியாளர் 1971-ல் வடிவமைத்தது, இன்றைக்கும் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. அது ஒரு கடிகாரம் மாதிரி துடிக்கும். பத்தாயிரம் ஓம், முப்பத்து மூவாயிரம் ஓம், ஒரு மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தால் வினாடிக்குச் சுமார் 19 துடிப்பு. இந்தக் கணக்கைப் பையனே போட்டான். பள்ளிக்கூடத்தில் பின்னத்தைக் கண்டு ஓடுகிறவன், 1.44-ஐ எதனால் வகுக்க வேண்டும் என்று என்னிடமே சண்டை போட்டான்.

இன்னொன்று 4017. பதினாறு கால். துடிப்பு வர வர ஒவ்வொரு காலாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே போகும். முதல் ஐந்து இடத்தில் ஐந்து சிவப்பு எல்.இ.டி. ஆறாவதில் ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டர், அது குழல் முனையில் இருக்கிற நாலு வெள்ளை எல்.இ.டி.யை ஒரே அடியில் எரியவிடும். ஒன்பது வோல்ட் பேட்டரி. வெள்ளை விளக்கு ஒவ்வொன்றுக்கும் 330 ஓம் ரெசிஸ்டர் தனித்தனியாக வேண்டும். சிவப்பு ஐந்துக்கும் சேர்த்து ஒன்று போதும். ஏன் ஒன்று போதும் என்று கேட்டேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஒரு நேரத்துல ஒண்ணுதானே தாத்தா எரியுது" என்றான். எனக்கு அந்த ஞாயிறு அதோடு நிறைந்துவிட்டது.

முதல் தடவை சுவிட்ச் போட்டபோது வெளிச்சம் ஓடவில்லை, கோழி கிளறுகிற மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குதித்தது. 4017-ன் வெளியீடுகள் கால் வரிசையில் வராது. முதலாவது மூன்றாம் காலில், இரண்டாவது இரண்டாம் காலில், பிறகு நாலு, ஏழு, பத்து, ஆறாவது வெளியீடு போய் ஒன்றாம் காலில். பையன் ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாகப் பற்ற வைத்திருந்தான். அத்தனையையும் எடுத்துவிட்டு மறுபடி பற்றினான்.

பிறகு பேய் வந்தது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் விளக்கு நின்றது, கையை எடுத்தால் ஓடியது. எதிர் வீட்டுப் பையன் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டான். பதின்மூன்றாம் காலை எங்கும் இணைக்காமல் விட்டிருந்தான் நம்ம ஆள். அந்த மாதிரி ஐ.சி.யில் ஒரு காலை அந்தரத்தில் விட்டால் அது நம் உடம்பில் இருக்கிற துளி மின்சாரத்தையும் கேட்டு ஆடும். அந்தக் காலை ஏழாவது வெளியீட்டோடு, அதாவது ஐந்தாம் காலோடு, இணைக்கச் சொன்னேன். ஆறு அடி ஓடி முனையில் பளிச்சிட்டதும் தானே நின்றுவிடும். பேயும் போயிற்று.

கடைசியாக ஒரு வேடிக்கை. விசையை அழுத்தினால் சுடவில்லை, விட்டால்தான் சுட்டது. அழுத்தியிருக்கும் வரை பதினைந்தாம் கால் எண்ணிக்கையைப் பூஜ்யத்திலேயே பிடித்து வைத்திருந்தது. ஒரு சின்னக் கெபாசிட்டரை இடையில் வைத்தோம். அழுத்தின கணத்தில் ஒரு தட்டு மட்டும் தட்டிவிட்டு அது ஒதுங்கிக்கொண்டது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மத்தியானம் முழுவதும் ஆனது. சாப்பாட்டுக்கு அவன் அம்மா மூன்று தடவை ஆள் அனுப்பினார்.

குழல் நெடுக ஒளிர்வதற்கு குளூ கன்னில் போடுகிற பசைக் குச்சியை வைத்தோம். ஒரு முனையில் எல்.இ.டி. வைத்தால் குச்சி முழுவதும் பால் மாதிரி ஒளிரும். கண்ணாடி இழையில் ஒளி போகிற கதையை அப்போது சொன்னேன். என் சர்வீஸின் பின்பாதி முழுக்க மண்ணைத் தோண்டிப் புதைத்தது அந்த இழையைத்தானே. அதற்காக சார்லஸ் காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்றதும், "மண்ணு தோண்டினதுக்கு உங்களுக்கு என்ன குடுத்தாங்க?" என்று கேட்டான் படுபாவி.

மொத்தச் செலவு 150 ரூபாயைத் தொடவில்லை.

கண்காட்சி அன்று அந்தத் துப்பாக்கி மேஜைக்கு அடியில் போய்விட்டது. "துப்பாக்கியெல்லாம் பள்ளிக்கூடத்துல வைக்கக் கூடாது, பசங்க மனசு கெட்டுப்போயிடும்" என்று காரணம் சொன்னார்கள். நான் போய்ப் பேசினேன். "சார், நீங்க பெரியவங்க. நீங்களே இப்படிச் சொல்லிக் குடுக்கலாமா?" என்று மரியாதையாகவே கேட்டார்கள். எந்தப் பள்ளி என்று எழுத மாட்டேன். நம் பக்கத்தில் எந்தப் பள்ளியாக இருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். முதல் பரிசு ஓர் எரிமலைக்குக் கிடைத்தது. பெட்டியில் தயாராக வருகிற எரிமலை. சோடா மாவும் வினிகரும் ஊற்றினால் பொங்கும். அந்தப் பிள்ளைக்கு அதில் எந்த வேலையும் இருந்திருக்காது, பெட்டியைப் பிரித்ததைத் தவிர.

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து அயர்னையும் பாகங்கள் டப்பாவையும் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். வேண்டாம், எனக்கெதற்கு இந்த வம்பு என்று. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்தபோது, தாத்தாவுக்கு முதுகு வலி என்று சொல்லி அனுப்பினேன். எதிர் வீட்டுப் பையன் இரண்டு வாரம் வந்து பார்த்தான். எனக்கு ஒண்ணு பண்ணித் தர்றேன்னீங்களே என்று கேட்டான். அப்புறம் வரவில்லை. அப்புறம் அக்டோபரில் பைப்பு வந்தது.

நான் பரணில் போட்டதால்தான் அவன் கண்ணுக்கு ஆபத்து வந்தது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது என்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்வது. பையன்கள் பையன்கள்தான், என் மாடியில் விளக்குத் துப்பாக்கி செய்திருந்தாலும் பைப்பைத் தொட்டிருக்கலாம். ஆனால் இரவில் படுத்தால் அந்த முதுகு வலிப் பொய் நினைவுக்கு வருகிறது. அதையும் இங்கே எழுதிவிடுவது நல்லது.

இப்போது மனசு கெட்டுப்போகும் என்கிறவர்களிடம் பேசுகிறேன்.

துப்பாக்கி என்றால் என்னவென்று தருமபுரிக்காரனுக்குப் பாடம் எடுக்காதீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் நக்சலைட் தேடுதல் என்று இரவில் ஜீப்புகள் போன சத்தம் எனக்குத் தெரியும். மலையோரக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்து மாட்டிக்கொண்ட செய்தி இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. ராஜ்குமாரை 2000 ஜூலை 30-ல் வீரப்பன் கடத்திய பிறகு பென்னாகரம் பக்கம் பஸ் ஏறுவதே ஒரு பாடாக இருந்தது. அவன் கதை 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில்தான் முடிந்தது. அதே பாப்பாரப்பட்டியில்தான் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-ல் கண்ணை மூடினார். அடிதடிக்காரனையும் தியாகியையும் ஒரே மண்ணில் பார்த்த ஊர் நம்முடையது. துப்பாக்கியைக் கொண்டாட எனக்கு எந்த ஆசையும் இல்லை.

ஆனால் நாடகம் வேண்டாமா? அந்தப் பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எண்பதுகளின் பின்பாதியில் ஒரு சுதந்திர தினத்துக்கு இளைஞர் மன்றத்தார் வாஞ்சிநாதன் நாடகம் போட்டார்கள். 1911 ஜூன் 17, மணியாச்சி ஸ்டேஷன், கலெக்டர் ஆஷ். துப்பாக்கி இல்லாமல் அந்தக் காட்சியை எப்படி நடிப்பது? அதற்கு முந்தின வருஷம் தகரக் குழாயில் ஊசிப் பட்டாசைச் செருகி வாஞ்சியாக நடித்தவருக்கு இரண்டு விரல் கொப்பளித்துப் போயிற்று. அதனால் என்னிடம் வந்தார்கள். நான் செய்த முதல் விளக்குத் துப்பாக்கி அதுதான்.

டார்ச் பல்பு, இரண்டு எவரெடி செல், தகரக் குழாய். படுதோல்வி. டார்ச் பல்பின் இழை சூடாகிப் பிரகாசமாக நேரம் பிடிக்கும், அணையவும் நேரம் பிடிக்கும். துப்பாக்கி வெடிக்கிற மாதிரியா இருந்தது? யாரோ கிணற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஸ்டுடியோக்காரரிடம் கெஞ்சி ஒரு பழைய கேமரா ஃபிளாஷை வாங்கிக் கைப்பிடிக்குள் வைத்தோம். ஆனால் அது தடவைக்குத் தடவை சார்ஜ் ஏற வேண்டும். மேடையில் வாஞ்சி விசையை அழுத்தினார், ஒன்றும் வரவில்லை. ஆஷ் துரை தன் கடமை தவறாமல் விழுந்துவிட்டார். அவர் விழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்ட பிறகு பளிச்சென்று மின்னியது. ஊரே சிரித்தது. அந்த ஃபிளாஷைப் பிரித்தபோது அதன் கெபாசிட்டர் எனக்கு ஓர் அடி கொடுத்தது, முழங்கை வரை. பேட்டரியைக் கழற்றின பிறகும் முந்நூறு வோல்ட் அதில் தங்கியிருக்கும். அதனால்தான் பிள்ளைகளை நான் ஃபிளாஷ் பக்கமே விடுவதில்லை.

அப்போது கிடைத்த எல்.இ.டி. சிவப்பாக மினுக்கும், அவ்வளவுதான். நாகமுரா முதலான மூன்று ஜப்பானியர்கள் நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்த பிறகே வெள்ளை வெளிச்சம் வந்தது. 2014-ல் அவர்களுக்கு நோபல். போட்ட கணத்தில் எரிகிறது, எடுத்த கணத்தில் அணைகிறது. இருபதில் ஒரு பங்கு வினாடி மின்னினால் போதும், பார்க்கிறவன் கண் அதை வெடியாக எடுத்துக்கொள்கிறது. அந்த ஆஷ் துரை இன்றைக்கு இருந்திருந்தால் சரியான நேரத்தில் விழுந்திருப்பார்.

கூத்து பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்? கல்யாண முருங்கைக் கட்டையில் செய்து கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மின்னுவதைப் பார்த்து, இதுதான் துரியோதனன் என்று நம்பவில்லையா? படுகளம் பார்த்துவிட்டு வந்து அடுத்த நாள் நாம் வேப்பங்குச்சியை கதாயுதமாகப் பிடிக்கவில்லையா? நம் மனசு கெட்டுப்போய்விட்டதா? போர் என்றால் மேடையில் யாருக்கும் காயம் படாமல் காட்ட வேண்டும் என்பதைத்தான் கூத்துக்காரன் காலங்காலமாகச் செய்துகொண்டிருக்கிறான். வெளிச்சத்தை வைத்தும் மரக்கட்டையை வைத்தும்.

சினிமாக்காரர்களே இதை இரத்தம் சிந்தித்தான் கற்றுக்கொண்டார்கள். புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ 1993 மார்ச் 31-ல் படப்பிடிப்பில் செத்தது, வெறும் மருந்து மட்டும் வைத்துச் சுட்டதாக நினைத்த துப்பாக்கியால். குழலுக்குள் எப்போதோ மாட்டிக்கொண்ட குண்டு முனை அந்த மருந்து வேகத்தில் வெளியே வந்தது. 2021 அக்டோபர் 21-ல் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். அதன் பிறகு நிறையப் பேர் மேடையிலும் படத்திலும் மருந்தே வேண்டாம், வெளிச்சத்தை மட்டும் காட்டுவோம் என்று பேச ஆரம்பித்தார்கள். எங்கள் மூணாவது வீட்டுப் பையன் 150 ரூபாயில் செய்தது இதைத்தான். அதை மேஜைக்கு அடியில் வைத்தார்கள்.

இவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு இடத்தில் இருக்கிறது. 2001 வாக்கில் ஒரு பள்ளி விழாவுக்காக இப்படி ஒன்றை மஞ்சப்பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனேன். சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் பையைத் திறந்தார். பைப்பு, வயர், பேட்டரி. அவர் முகம் மாறியது. நான் புத்தி கெட்டுப் போய், இதோ பாருங்க சார் என்று விசையை அழுத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் சீட்டுக்கு அடியில். நல்ல மனிதர் அவர், என்னை அடிக்கவில்லை. எல்லாம் விளங்கின பிறகு, "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இனிமே கழட்டித் தனித்தனியா எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். இன்று வரை அப்படித்தான் செய்கிறேன்.

அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் 2014 நவம்பரில் டமீர் ரைஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன், கையில் வைத்திருந்த பொம்மைத் துப்பாக்கியை நிஜம் என்று நினைத்த போலீஸால் சுடப்பட்டுச் செத்தான். அங்கே பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவன் வைத்திருந்ததில் அது இல்லை. ஆகவே என் மாடியில் கறுப்புப் பெயிண்ட் கிடையாது. மஞ்சள், பச்சை, வேண்டுமானால் கத்திரிப்பூ நிறம். குழல் முனை பழைய மருந்து டப்பா மூடியால் அடைத்திருக்கும், வெளிச்சம் மட்டும் வெளியே வரும். தெருவில் ஓடக் கூடாது. பள்ளி வேண்டுமானால் இந்த மாதிரி நிபந்தனை போடட்டும், நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன். மனிதரை நோக்கிப் பிடிக்கக் கூடாது என்று சொல்லட்டும். அதைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

அதைவிட்டுவிட்டு, உருவத்தைப் பார்த்து மட்டும் பயப்படுகிறார்கள். திருவிழாக் கடையில் விற்கிற பொம்மைத் துப்பாக்கியில் சிவப்பு லேசர் வைத்து வருகிறதே, அதை யாராவது பிடுங்கினார்களா? லேசர் கற்றை விழித்திரையில் ஊசி முனை அளவு இடத்தில் போய்க் குவியும். சாதாரண எல்.இ.டி.யைப் பார்த்துக் கண் கூசலாம், ஆனால் லேசர் அளவுக்கு அது கெடுதல் செய்யாது. குழந்தை கையில் லேசரைக் கொடுத்துவிட்டு எல்.இ.டி.க்கு மனசு கெடும் என்கிறார்கள்.

கார்பைடைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மாவட்டமும் பக்கத்துக் கிருஷ்ணகிரியும் மாம்பழ ஊர். அந்தக் கல் நமக்குப் புதிதா? மாங்காயை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கக் கூடாது என்று சட்டம் தடுத்தும் அந்தக் கல் எங்கேயோ கிடைத்துக்கொண்டே இருக்கிறது. கேஸ் வெல்டிங்குக்கு வேண்டும், சரி. என் தாத்தா காலத்தில் அதே கல்லைத் தண்ணீரில் போட்டு விளக்கு எரித்தார்கள், கல்யாண ஊர்வலத்தில் நீங்களும் பார்த்திருக்கலாம். பன்றிக்கும் குரங்குக்கும் பயந்த விவசாயி அதைப் பைப்பில் போட்டு வெடிப்பதை நான் குறை சொல்ல முடியாது, அவருடைய மக்காச்சோளத்துக்கு நான் பதில் சொல்வேனா? ஆனால் பெரியவர் வேலை முடிந்ததும் அதைப் பூட்டி வைக்க வேண்டாமா? அரிவாளைப் பரணில் செருகுகிற வீட்டில் பைப்பு மட்டும் திண்ணையில் கிடக்கிறது, ஏனென்றால் அது பைப்பு மாதிரி இருக்கிறது. உருவம் துப்பாக்கியாக இல்லாததால் அதற்கு யாரும் பயப்படவில்லை. எங்கள் பையன் செய்தது துப்பாக்கி மாதிரி இருந்ததால் அதற்குப் பயந்தார்கள்.

போன ஞாயிறு பரணில் ஏறி டப்பாவைக் கீழே இறக்கினேன். முதுகு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. மூணாவது வீட்டுப் பையன் வந்தான், கூடவே எதிர் வீட்டுப் பையனும் கறுப்புக் கண்ணாடியோடு. சாலிடரிங் புகை கண்ணுக்கு ஆகாது, நீ பற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவன் ஜன்னல் ஓரம் டேபிள் ஃபேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வரைபடத்தைச் சரி பார்க்கிறான். இடது கண்ணால் ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளைப் படித்து, "ஆரஞ்சு ஆரஞ்சு பிரவுன், முந்நூத்தி முப்பது" என்று சொல்லச் சொல்ல மற்றவன் பற்றுகிறான். இந்தத் தடவை குழலில் எட்டு விளக்கு வேண்டுமாம். அப்படியானால் நிறுத்துகிற கால் எது என்று கேட்டேன். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், நான் காபி போட எழுந்து வந்துவிட்டேன்.